கரைசல்

முப்பத்தொரு வருஷம்
லேர் நகரத்துக் குடிநீரைச் சோதித்தவன் நான்.
லிட்டருக்கு நைட்ரேட் எத்தனை, ஈயம் எத்தனை.
'இல்லை' என்று எழுத எங்களுக்கு உரிமை கிடையாது.
'கண்டறியும் எல்லைக்குக் கீழே'
என்றுதான் எழுத வேண்டும்.

ஃபென்னாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பூனைக்குச் சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டதென்று
டாக்டர் தியார்க் ரத்தத் தாளைக் காட்டிய அன்றே
அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு
மாட்டுப் பண்ணைகளுக்கு அப்பால்
கேஷெ என்பவளைத் தேடிப் போனாள்.
மருந்தை எவ்வளவு கரைப்பார்கள் என்று கேட்டு
உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
வடகடலில் கரைத்த பெருங்காயம்;
அதுகூடத் தாராளம்.
"கண்டறியும் எல்லைக்குக் கீழே,
அவ்வளவுதானே?" என்றாள்.

கேஷெ வீட்டுக்கு வந்து
இரண்டு மணிநேரம் கேள்வி கேட்டாள்.
எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்?
தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்குமா, விட்டுவிட்டு நக்குமா?
பயம் இடிக்கா, பூட்டிய கதவுக்கா?
பதினெட்டு வருஷம் ஒரே கட்டிலில் மூவர்.
இடது பக்கம் என்றேன், வலது என்றாள் ஃபென்னா.
திரும்பிப் பார்த்தோம்.
நான்கு கால்களையும் அடியில் மடக்கிப்போட்டு
ரொட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது டோர்ஃப்,
எங்கள் இருவரையும் பொய்யாக்கி.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம்.
காலை ஆறு மணிக்கு ஐந்து உருண்டை,
கடுகைவிடச் சின்னது, பிளாஸ்டிக் கரண்டியில்.
அது அவள் பங்கு.
ஊசி என் பங்கு:
பிடரித் தோலைத் தூக்கி உப்புநீர் ஏற்றினால்
ஒரு திமில் எழும்பி
மாலைக்குள் முன்னங்காலுக்கு இறங்கிவிடும்.

மூன்று மணிக்குத் தேநீர்.
கற்கண்டின் மேல் சூடாக ஊற்றும்போது
படக்கென்று விரியுமே ஒரு சத்தம்,
அதற்கு டோர்ஃபின் காது எப்போதும் திரும்பும்.
செப்டம்பரில் ஒருநாள் திரும்பவில்லை.
காது போனதை அப்படித்தான் அறிந்தோம்.
நோட்டில் அதுவும் ஏறியது.

அக்டோபரில் சீசா என் கையிலிருந்து நழுவியது.
அடுப்புக்கு அடியில், பலகை இடுக்கில்,
என் செருப்புக்குள்
எங்கும் மருந்து. அல்லது எங்கும் சர்க்கரை.
பெருக்கி அள்ளிக் கொட்டிவிட்டு
மருந்துக் கடைக்குப் போனேன்.
"வெறும் உருண்டையா?" என்றாள் கடைப்பெண்.
"வெறும் உருண்டை."
பழைய சீசா, பழைய சீட்டு.
முப்பத்தொரு வருஷத்தில் செய்யாத ஒன்றைச்
சமையலறையில் நின்று செய்தேன்.

பதினோரு நாள் டோர்ஃப் மீன் தின்றது.
ஜன்னல் விளிம்பில் ஏறி
மழையில் நனையும் கடற்காகங்களைத் திட்டியது.
ஃபென்னா முகத்தில் வெளிச்சம்.
நான் எதை நிரூபித்தேன் என்று
எனக்கே தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு
சுவரைப் பார்த்தது.
வீரியத்தைக் கூட்டச் சொல்லிக் கேஷெயிடம் கேட்கலாமா
என்று ஃபென்னா கேட்பாள் எனப் பயந்திருந்தேன்.
அவள் தியார்க்குக்குத்தான் போன் செய்தாள்.
வியாழக்கிழமை அவர் வந்தார்,
ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.
இந்த மருந்தில் ஒரு துளியும் கரைக்கப்படவில்லை.
எண்ணி முடிப்பதற்குள் போதுமானதாக இருந்தது.

நோட்டை நேற்றுதான் பிரித்தேன்.
சீசா விழுந்த தேதி.
அவள் கையெழுத்து, சாய்ந்து, பென்சிலில்:

'ஆறு மணி. ஐந்து.
தண்ணீர் நான்கு முறை.
ஹாபோ சொல்லாமலே அடுப்படியைப் பெருக்கியிருக்கிறார்.
கேட்கவில்லை.
தூக்கம்: இடது பக்கம்.'